முதல் சைக்கோசிஸுக்குப் பிறகு மைண்ட்ஃபுல்னெஸ் குழுவில் தம்பியைச் சேர்க்கலாமா?

எட்டு மாதத்துக்கு முன்பு உங்கள் தம்பிக்கு முதன்முதலாக சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது போன்ற மனநோய் நிலை) வந்தது, வயது 21, மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தான், இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறான், ஆனாலும் திட்டுகிற குரல் ஒன்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் குழுவில், அதாவது இந்த நொடியில் உடம்பிலும் மனதிலும் நடப்பதை அப்படியே கவனிக்கப் பழகும் குழுவில், அவனைச் சேர்க்கலாம் என்று சிகிச்சை தரும் குழுவினர் சொல்கிறார்கள். தியானம் செய்தால் சைக்கோசிஸ் கூடிவிடும் என்று நீங்கள் எங்கோ படித்திருக்கிறீர்கள். அனுப்பலாமா, வேண்டாமா என்பது உங்கள் கேள்வி.

அனுப்பலாம் என்பதே என் பதில். ஆனால் எந்தக் குழு, யார் நடத்துகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். மைண்ட்ஃபுல்னெஸ் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல விஷயங்கள் நடக்கின்றன. இந்த வயதுப் பிள்ளைகளுக்காக இப்படிப்பட்ட குழுக்களைப் பல வருடங்களாக நடத்திவரும் உளவியலாளர் நான். அந்த அனுபவத்தை வைத்தும், ஆய்வுகள் சொல்வதை வைத்தும் எழுதுகிறேன். குழுவில் நடந்தவற்றைச் சொல்லும் இடங்களில் ஆட்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் உங்கள் பயத்தைப் பற்றி. அது வீண் பயம் இல்லை. 1979இல் வால்ஷ், ரோஷ் என்ற இருவர் அமெரிக்க மனநல மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஏற்கெனவே மனச்சிதைவு (சைக்கோசிஸ் வரும் நோய்களில் ஒன்று, ஸ்கிசோஃப்ரினியா) வந்திருந்த மூன்று பேருக்குத் தீவிரத் தியான முகாம்களில் கலந்துகொண்டபோது நோய் மறுபடியும் கடுமையாக வெளிப்பட்டதைப் பற்றிய கட்டுரை அது. அதற்குப் பிறகும் இப்படிப்பட்ட குறிப்புகள் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தால் சில விஷயங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: நாளெல்லாம் கண்ணை மூடி உட்கார்வது, யாரோடும் பேசாமல் இருப்பது, தூக்கம் குறைவது, சாப்பாடு குறைவது, மாத்திரையை நிறுத்திவிடுவது. முதல் சைக்கோசிஸிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஒரு பையனுக்கு இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தாலே எனக்குக் கவலை வரும். இவை எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே பத்து நாள் மௌன முகாமுக்கு யாராவது அவனை அழைத்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தற்செயலாக அதே 1979இல்தான் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பின்னாளில் எட்டு வாரமாக அமைந்த தன் மைண்ட்ஃபுல்னெஸ் திட்டத்தைத் தொடங்கினார். தீராத உடல்வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களுக்காக உருவானது அது. வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரக் கூட்டம், வீட்டில் தினமும் 45 நிமிடப் பயிற்சி, நடுவில் ஒரு முழுநாள் மௌனம். இன்று உலகம் முழுக்க மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் பெரும்பாலும் இந்த அச்சில் வார்த்தவைதான். காதில் குரல் கேட்கும் 21 வயதுப் பையனை மனதில் வைத்து அது செய்யப்படவில்லை. அதனாலேயே நீண்ட காலம் சைக்கோசிஸ் உள்ளவர்களை இந்தக் குழுக்களில் சேர்க்காமலே ஒதுக்கிவைத்தார்கள்.

அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் பால் சாட்விக். குரல்களாலும் சந்தேகங்களாலும் அவதிப்படுகிறவர்களுக்கான மைண்ட்ஃபுல்னெஸ் குழுக்களைப் பற்றி அவரும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரை 2005இல் வெளிவந்தது. அவர்கள் செய்த மாற்றங்கள் பார்ப்பதற்குச் சின்னவை. ஆனால் எல்லாமே அவற்றில்தான் இருக்கிறது. பயிற்சி பத்து நிமிடத்தைத் தாண்டாது. நடத்துபவர் அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார், நீண்ட மௌனம் விடமாட்டார். வீட்டிலும் செய்துபாருங்கள் என்று சொல்லி ஒலிப்பதிவைக் கொடுப்பார்கள், செய்தே ஆகவேண்டும் என்று நெருக்கமாட்டார்கள். பயிற்சி முடிந்ததும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசுவார்கள், பயிற்சியைவிட அதிக நேரம்.

மௌனம் ஏன் கூடாது என்பதை நான் புத்தகத்தில் படித்தபோது சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. என் ஆரம்ப காலக் குழு ஒன்றில், அறை அமைதியாக இருக்கிறது, எல்லோரும் நன்றாகச் செய்கிறார்கள் என்று நினைத்து ஏறக்குறைய இரண்டு நிமிடம் எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு பெண் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். பிறகு போய்ப் பேசியபோது அவள் சொன்னது: “நீங்க பேச்சை நிறுத்தினதும் அது பேச ஆரம்பிச்சிருச்சு.” மற்றவர்களுக்கு மௌனம் என்பது காலி இடம். குரல் கேட்கிறவர்களுக்கு அது, குரலுக்கு நாமே போட்டுக்கொடுக்கும் மேடை. அந்தப் பெண் அடுத்த வாரம் வந்தாள். வராமலே போயிருந்தால் அது முழுக்க என் தவறாகவே இருந்திருக்கும். அன்றிலிருந்து, மௌனத்தை அழகாக விடத் தெரிந்தவரைவிட, தேவையான இடத்தில் பேச்சுக்கொடுக்கத் தெரிந்தவரே இந்தக் குழுவை நடத்தவேண்டும் என்று சொல்லிவருகிறேன்.

சரி, ஒரு நாள் அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது?

ஆறேழு நாற்காலிகள். நெருக்கமான வட்டமாகப் போடமாட்டோம், எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் உள்ளவருக்கு அது பெரிய தொல்லை. பிறை வடிவில் தளர்வாகப் போட்டிருப்போம். கதவைப் பூட்டமாட்டோம். யாரும் எப்போது வேண்டுமானாலும் வெளியே போய் வரலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பதை முதல் வாரமே சொல்லிவிடுவோம். நடத்துபவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள், யாராவது எழுந்து போனால் ஒருவர் கூடப் போவதற்காக. கண்ணை மூடச் சொல்வதில்லை. தரையில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும்.

அப்புறம் பயிற்சி. இரண்டு பாதமும் தரையில் பதிந்திருப்பதைக் கவனிக்கச் சொல்வோம். குதிகால் எங்கே அழுத்துகிறது, விரல்கள் எப்படி இருக்கின்றன, செருப்பு எங்கே உரசுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தொடையின் மேல் இருக்கும் கைகள். பிறகு வெளியே கேட்கும் சத்தம், மின்விசிறி, வாகனம், யாரோ கதவைச் சாத்துவது. நடுநடுவே, “இப்போது ஏதாவது எண்ணம் வரலாம், குரல் வரலாம், சலிப்பு வரலாம். வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மெதுவாகப் பாதத்துக்கு வாருங்கள்” என்று சொல்வோம். முதல் வாரம் இது மூன்று நிமிடம்தான். பத்து நிமிடத்துக்கு வந்துசேர நாலைந்து வாரம் ஆகும்.

முடிந்ததும் பேச்சு. ஒரு முறை, தலையை மூடிய சட்டை போட்டுக்கொண்டு மூன்று வாரமாக வாயே திறக்காமல் இருந்த ஒரு பையன் பேசினான். 19 வயது இருக்கும்.

“என்ன கவனிச்சீங்க?”

“ஒண்ணும் இல்ல. அது வந்துருச்சு.”

“எது?”

“குரல். உதவாக்கரைன்னு சொல்லுச்சு.”

“வந்ததும் என்ன ஆச்சு?”

“கை இறுகிருச்சு. எப்பவும்போல மனசுக்குள்ளயே பதில் சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க பாதம்னு சொன்னீங்க. பாதத்துக்குப் போனேன். கொஞ்ச நேரம்தான்.”

“அந்தக் கொஞ்ச நேரத்துல குரல் எங்க இருந்துச்சு?”

யோசித்தான். “இருந்துச்சு. ஆனா நான் பதில் சொல்லல.”

அவனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த பெண் அவனைத் திரும்பிப் பார்த்தாள். “பதில் சொல்லாம இருக்கலாமா? அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது” என்றாள்.

இந்தக் குழுக்களைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் இந்த இடத்தைத்தான் சொல்வேன். அந்தப் பத்து நிமிடம் அதற்கான முன்னேற்பாடு, உண்மையான வேலை நடப்பது இந்தப் பேச்சில். குரல் நின்றதா என்று நாங்கள் கேட்பதில்லை. அந்தக் குரல் நிஜமா, பொய்யா என்று வாதாடுவதும் இல்லை. வீட்டில், மருத்துவமனையில், எல்லா இடத்திலும் அந்த வாதத்தைக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் அவர்கள் வருகிறார்கள். குரல் வந்தது, உடம்பு இறுகியது, பதில் சொல்லத் தொடங்கினேன் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கும்போது, மூன்றாவது தன் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியவருகிறது. அதுவரை மூன்றும் ஒரே அடியாகத் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

குரல் கேட்பவர்கள் வழக்கமாகச் செய்வது சில விஷயங்கள்தான். எதிர்த்துச் சண்டை போடுவார்கள், சொன்னதைச் செய்வார்கள், காதில் பாட்டைப் போட்டு அடக்கப் பார்ப்பார்கள், ஏன் எனக்கு, யார் இதைச் செய்வது என்று ராத்திரி முழுக்க யோசிப்பார்கள். குரல் வந்துபோவது அரை நிமிடமாக இருக்கும், இந்தப் போராட்டம் அரைநாள் நீளும். 1987இல் நெதர்லாந்து மனநல மருத்துவர் மாரியஸ் ரோம், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த, குரல் கேட்கும் ஒரு பெண்ணோடு தொலைக்காட்சியில் தோன்றிப் பேசினார். நூற்றுக்கணக்கானோர் தொடர்புகொண்டு எங்களுக்கும் கேட்கிறது என்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினர், கேட்கிறது, ஆனால் சமாளித்து வாழ்கிறோம் என்றார்கள். குரல் கேட்பதால் மட்டும் வாழ்க்கை முடங்கிவிடுவதில்லை, குரலோடு ஒருவருக்கு இருக்கும் உறவும் அதில் சேர்ந்திருக்கிறது என்று பலரை யோசிக்கவைத்த நிகழ்ச்சி அது. மைண்ட்ஃபுல்னெஸ் குழு கைவைப்பது அந்த உறவில்தான்.

தனியாக ஒரு உளவியலாளரிடம் போய் இதையே கற்றுக்கொள்ளக் கூடாதா என்றால், கற்றுக்கொள்ளலாம். ஆனால் “நான் பதில் சொல்லல” என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் அந்தப் பெண் அப்படித் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாள். இந்த வயதில் சைக்கோசிஸ் வந்தவர்களிடம் நோயைவிட ஆழமாக உட்கார்ந்திருப்பது வெட்கம். நண்பர்கள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், யாரையாவது காதலித்துக்கொண்டிருக்கும்போது இவன் மட்டும் மாத்திரை சாப்பிட்டுவிட்டு மத்தியானம்வரை தூங்குகிறான். பழைய நண்பர்களின் அழைப்பை எடுப்பதில்லை, எடுத்தால் இத்தனை மாதம் எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு என்ன சொல்வது? அப்படிப்பட்டவன், தன் வயதிலேயே இன்னொருவன் “எனக்கும் டிவியில என்னைப் பத்தியே பேசுறாங்கன்னு தோணுச்சு” என்று சாதாரணமாகச் சொல்வதைக் கேட்கும்போது முகத்தில் ஏற்படும் மாற்றத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் வயது முக்கியம். 25 வருடமாக நோயோடு இருக்கும் 50 வயதுக்காரர்களின் நடுவே உங்கள் தம்பியை உட்காரவைத்தால், அவன் பார்ப்பது தன் எதிர்காலத்தை, அல்லது அப்படி அவன் நினைத்துக்கொள்வான். அந்தப் பெரியவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்களுக்கும் குழு தேவை. ஆனால் முதல் சில வருடங்களில் இருப்பவர்களுக்குத் தனியிடம் வேண்டும் என்பது இந்தத் துறையில் அனுபவத்தால் கற்ற பாடம். மெல்போர்னில் பேட்ரிக் மெக்கோரியும் அவருடைய குழுவினரும் இளைஞர்களுக்கென்றே ஆரம்பநிலை சைக்கோசிஸ் மையத்தை 1992இல் தொடங்கினார்கள். முதல் மூன்று முதல் ஐந்து வருடங்கள்தான் பிற்காலத்தைப் பெருமளவு தீர்மானிக்கின்றன என்பது பிரிட்டனின் மேக்ஸ் பெர்ச்வுட் முன்வைத்த கருத்து. உங்கள் தம்பி இப்போது சரியாக அந்தக் காலத்துக்குள் இருக்கிறான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்லவேண்டிய இடம் இது. ஆரம்பநிலை சைக்கோசிஸ் உள்ள இளைஞர்களை மட்டும் வைத்து நடந்த ஆய்வுகளில் நான் முக்கியமாகக் கருதுபவை அளவில் சின்னவை. 2012இல் பிரிட்டனில் இப்படி ஒரு குழுவில் கலந்துகொண்டவர்களைப் பேட்டி கண்டு எழுதினார்கள். 2013இல் நெதர்லாந்தில் ஒரு முன்னோட்ட ஆய்வு. 2015இல் மொன்றியலில் 12 பேரோடு, பரிவு, ஏற்பு, மைண்ட்ஃபுல்னெஸ் மூன்றையும் சேர்த்த எட்டு வாரக் குழு. இப்படிக் கவனமாக நடத்தினால் நோய் கூடுவதில்லை, இளைஞர்கள் வந்து உட்கார்கிறார்கள், மன உணர்வுகளைச் சமாளிப்பதில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிகிறது என்ற அளவில் இவற்றை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இவற்றின் தலையில் சுமை ஏற்றக் கூடாது.

எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லலாம். 2013இல் 13 ஆய்வுகளை, மொத்தம் 468 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த தொகுப்பாய்வு ஓரளவு பயன் இருப்பதாகச் சொன்னது. பயிற்சி பெறாதவர்களையும் ஒப்பீட்டுக்கு வைத்து நடந்த ஆய்வுகளில் அந்தப் பயன் இன்னும் சுருங்கியே தெரிந்தது. 2016இல், மைண்ட்ஃபுல்னெஸையும் அறிவாற்றல் சிகிச்சையையும் சேர்த்து நடத்திய குழுக்களைப் பற்றி சாட்விக் குழுவினரின் பெரிய ஆய்வு வெளிவந்தது. தொல்லை தரும் குரல்கள் கேட்கும் 108 பேர் அதில் இருந்தார்கள். பொதுவான மன உளைச்சல் குறைகிறதா என்பதுதான் அவர்கள் முதன்மையாக அளந்தது. அதில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஆனால் குரலால் வரும் துன்பம், குரல் தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு, மனச்சோர்வு ஆகியவற்றில் குழுவில் இருந்தவர்கள் மேலாக இருந்தார்கள். எனக்கு இந்த முடிவு நம்பத்தகுந்ததாகப் படுகிறது, நான் அறையில் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. வாழ்க்கை அப்படியே மாறிவிடுவதில்லை. குரல் வரும்போது அதன் பிடி தளர்கிறது.

எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் சைக்கோசிஸுக்கு மருந்தோடு சேர்த்துப் பரிந்துரைப்பது தனிநபர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணங்களையும் நடத்தையையும் பேசிப் பார்த்து மாற்றும் சிகிச்சை, சிபிடி என்பார்கள்) குடும்பத்தோடு சேர்ந்து நடத்தும் சிகிச்சையையும்தான். அந்த வரிசையில் மைண்ட்ஃபுல்னெஸ் இல்லை. ஆகவே உங்கள் தம்பிக்கு இந்த இரண்டும் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அவற்றுக்குப் பதிலாக இந்தக் குழு என்றால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவற்றோடு சேர்த்து என்றால் மகிழ்ச்சி.

மாத்திரை விஷயம் இதைவிட முக்கியம். குழு நன்றாகப் போகும்போது, ஆறாவது ஏழாவது வாரத்தில், “இதுவே போதுமே, மாத்திரை எதுக்கு?” என்று யாராவது ஒருவர் கேட்காத குழுவை நான் நடத்தியதில்லை. கேட்பது இயல்பு, மாத்திரையால் உடல் பருத்து, தூங்கி வழிகிறவனுக்கு அந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் முதல் சைக்கோசிஸிலிருந்து மீண்டவர்களை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்து 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு கூடியிருந்தது. குறைப்பதா, எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவேண்டியது. மருந்தை விட்டுவிடலாம் என்று ஜாடையாகச் சொல்கிற மைண்ட்ஃபுல்னெஸ் ஆசிரியர் யாராக இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

மாத்திரையைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று, இது பலருக்கும் தெரியாமல் போகிறது. சில பிள்ளைகளால் மூன்று நிமிடம்கூட உட்கார முடியாது. காலை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், எழுந்து நடப்பார்கள், உடம்புக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கிறது என்பார்கள். எனக்கு தியானமே வராது என்று தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். பல சமயம் அது அக்கதீசியா, சைக்கோசிஸுக்கான மருந்துகளால் வரும் ஒருவகை இருப்புக்கொள்ளாமை. அளவை மாற்றியோ வேறு மருந்துக்கு மாறியோ சரிசெய்யக்கூடியது. உங்கள் தம்பியிடம் இதைக் கண்டால் குழுவுக்கு முன்பு மருத்துவரிடம் சொல்லுங்கள். அதேபோல் தூக்கம். ராத்திரி மாத்திரையின் மயக்கம் காலை 11 மணிவரை விடாது. காலை ஒன்பது மணிக்குக் குழு வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவைத்த இடங்களை எனக்குத் தெரியும். மத்தியானத்துக்கு மேல் வைத்தால் வருவார்கள்.

எல்லாப் பயிற்சியும் எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் நடத்துபவர் அறிந்திருக்கவேண்டும். உடம்பின் ஒவ்வொரு உறுப்பாகக் கவனித்துக்கொண்டு போகும் பயிற்சி பலருக்குச் சுகமாக இருக்கும். வயிற்றுக்குள் ஏதோ கருவியைப் பொருத்திவிட்டார்கள் என்று நம்பிப் பயந்த ஒருவனுக்கு அது நரகம். மூச்சைக் கவனிப்பது, மூச்சுத் திணறலோடு பீதி வந்த அனுபவம் உள்ளவருக்கு ஆகாது. அதனால்தான் நாங்கள் பாதத்திலும் கையிலும் நிற்கிறோம், அங்கே ஆபத்து குறைவு. எண்ணங்களை மேகங்களாகப் பாருங்கள் என்பது போன்ற உவமைகளையும் விட்டுவிட்டேன். நோயின் தாக்கம் இருக்கும்போது சிலர் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, மேகம் எங்கே என்று தேடிக் குழம்புவதைப் பார்த்த பிறகு. விசேஷ சக்தி, ஞானம், விடுதலை என்ற பேச்சே அறைக்குள் வரக் கூடாது. நோய் உச்சத்தில் இருந்தபோது தான் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்று நம்பிய பையனுக்கு அந்தச் சொற்கள் பழைய கதவைத் திறந்துவிடும்.

சில சமயங்களில் குழுவைத் தள்ளிப்போடுவதே நல்லது. நாலைந்து நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, குரல் சொன்னபடி செய்யத் தொடங்கியிருக்கிறான், செத்துவிடலாம் என்று பேசுகிறான், கஞ்சா மறுபடியும் புழங்குகிறது என்றால் முதலில் போகவேண்டியது சிகிச்சைக் குழுவிடம். தற்கொலைப் பேச்சு என்றால் அன்றே, அந்த மணியே. அது அடங்கிய பிறகு மைண்ட்ஃபுல்னெஸ் பார்த்துக்கொள்ளலாம், குழு எங்கும் ஓடிவிடாது.

சேர்ப்பதற்கு முன்பு நீங்கள் நடத்துபவரைச் சந்தித்துப் பேசுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவனைப் பற்றி அவன் இல்லாமல் பேசினால் அவனுடைய சந்தேகங்களுக்குத் தீனி போட்டதாகும். ஒரு பயிற்சி எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். 30, 40 நிமிடம் என்றால் அது இவனுக்கான குழு இல்லை. கண்ணை மூடியே ஆகவேண்டுமா, நடுவில் எழுந்து போகலாமா, போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். நடத்துபவருக்கு சைக்கோசிஸ் உள்ளவர்களோடு வேலை செய்த அனுபவம் இருக்கிறதா, தானும் தினமும் பயிற்சி செய்கிறாரா என்று கேளுங்கள். இரண்டும் வேண்டும், ஒன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் அறைக்குள் தெரிந்துவிடும். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் மருத்துவரோடு பேசுவாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

வீட்டில் உங்கள் பங்கு குறைவுதான், அது குறைவாக இருப்பதே நல்லது. பயிற்சி செய்தாயா என்று தினமும் கேட்காதீர்கள். அவன் கோபத்தில் இருக்கும்போது “போய் மைண்ட்ஃபுல்னெஸ் பண்ணு” என்று சொல்லிவிடாதீர்கள், அன்றோடு அது அவனுக்குத் தண்டனை ஆகிவிடும். எட்டு வாரத்தில் இரண்டு மூன்று வாரம் போகாமல் இருப்பான். படுக்கையைவிட்டு எழுந்திருக்க முடியாத நாட்கள் இந்த நோயின் பாகம், சோம்பேறித்தனம் இல்லை. அடுத்த வாரம் போகலாம் என்று மட்டும் சொல்லுங்கள், நடத்துபவருக்கும் அவன் வருவான் என்று ஒரு தகவல் போதும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில், குரல் முன்பைவிட நன்றாகக் கேட்கிறது என்று அவன் சொல்லக்கூடும். இத்தனை நாள் விரட்டிக்கொண்டிருந்ததை முதல் தடவையாக நின்று கவனிக்கும்போது அப்படித் தோன்றுவது உண்டு. அதை நடத்துபவரிடம் சொல்லச் சொல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் வழக்கம்போல் இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், அவை கெட்டால் மருத்துவரிடம் போகவேண்டும்.

முதல் நாள் அவன் கேட்டால் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருங்கள். முடிந்து வந்ததும் எப்படி இருந்தது, என்ன பேசினார்கள் என்று கேட்கத் தோன்றும். கேட்காமல் வீடுவரை கூட நடந்து வாருங்கள். அவனாகச் சொன்னால் கேளுங்கள். பல பிள்ளைகள் முதல் வாரம் வீட்டில் சொல்வது ஒரே ஒரு வாக்கியம்தான், “அங்க இன்னொருத்தனுக்கும் கேக்குதாம்.”